அட்டைக்குக் கிடைத்த அரசாங்கக் காசு

என் மனைவிக்கு அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதி கிடைத்த அன்று நான் அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். விலை உயர்ந்த சேலை. கடைக்காரர் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. மனம் நிறைந்து சந்தோஷப்படுகிறவன் 'நல்லது' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். வயிறு எரிகிறவனுக்குத்தான் சேலை வாங்க வேண்டி வருகிறது. அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெலைக்கு எதுக்குங்க?" என்றாள். "ஒனக்கு வாங்காம யாருக்கு வாங்குறது?" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் இருவரும் சப்ரகமுவாத் தோட்டங்களில் பிறந்தவர்கள். என்னுடையது கித்துல்கலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால் வெட்டினார். அவளுடையது பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அவளுடைய அம்மா கொழுந்து பறித்தார். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து, அதாவது லயங்களிலிருந்து, பல்கலைக்கழகம் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் போனேன். எனக்குப் பின்னால் அவள் வந்தாள். நான் கொழும்பில் நுண்ணுயிரியல் விரிவுரையாளராகி, எங்களுக்குக் கல்யாணமும் ஆனபிறகு, அவளும் அதே துறைக்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தாள். அவள் எழுதுகிற கட்டுரைகளை நான்தான் முதலில் படித்துத் திருத்திக் கொடுப்பேன். வீட்டிலும் நான் மூத்தவன், துறையிலும் நான் மூத்தவன். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

யுத்தம் மறுபடி சூடுபிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அரசாங்கம் அந்தப் புதிய நிதியை அறிவித்தது. அதுவரை நிதி என்றால் ஒரு பேராசிரியருக்கும் அவருடைய கூட்டத்துக்கும்தான். இது அப்படியில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் இதுவரை யாரும் போகாத வழியில் போக நினைக்கிற ஒரே ஓர் ஆளுக்கு. கூட்டுச் சேர முடியாது. யோசனை தோற்றுப்போகலாம், தோற்றால் ஏன் என்று கேட்கமாட்டார்கள், ஜெயித்தால் நோயாளிகளுக்கு லாபம். துறையில் எல்லோரும் இதைப் படித்துவிட்டு, இந்த நாட்டில் இப்படியும் ஒரு காசா என்று வாயைப் பிளந்தார்கள். நான் வாயைப் பிளக்கவில்லை. இது எனக்கென்றே வந்தது என்று நினைத்தேன். தோட்டத்திலிருந்து வந்த ஒருவனுக்கு இப்படியொரு நிதி அதுவரை கிடைத்ததில்லை. முதல் ஆளாக இருக்கவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையை இன்னும் கொஞ்சம் வேகமாக்குவது என் திட்டம். இரத்தினபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வயலில் இறங்கினாலும் வரும், மாணிக்கக் கல் தோண்டுகிற குழியில் இறங்கினாலும் வரும். தோட்டத்து வேலை முடிந்தபிறகு மேல்காசுக்காகக் குழியில் சேறு அள்ளப் போன என் மனைவியின் சித்தப்பா அப்படித்தான் செத்துப்போனார். என் திட்டம் உறுதியானது. ஒவ்வொரு படியும் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய திட்டம் அட்டை.

அந்த யோசனை பிறந்த இடம் என் கால். இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். மழைக்காலத்தில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் கணுக்காலில் ஒரு அட்டை ஏறிவிட்டது. மாமியார் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சுண்ணாம்பு பட்டால் அட்டை குடித்த இரத்தத்தைக் கக்கிவிட்டு விழுந்துவிடும். என் மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. அது குடிச்சு முடிக்கட்டும்."

"அடிப்பாவி, மாப்ள ரத்தத்த உறிஞ்சுது!"

"கொஞ்சந்தானே குடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் என் காலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். கட்டிய புருஷன் கடிபட்டு நிற்கிறான், இவள் அட்டையை அழகு பார்க்கிறாள். அது குண்டாகித் தானாகவே கழன்று விழுந்தது. அவள் அதை ஒரு தேயிலைக் குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இது இதுக்கு முன்னால யாரக் கடிச்சிருக்கும்?"

"ஒங்கப்பாவ" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். நான் அந்தச் சிரிப்போடு உள்ளே போய் ரொட்டி சாப்பிட்டேன். அவள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்துவிட்டாள். அட்டை ஒருமுறை குடித்தால் அந்த இரத்தத்தை மாதக்கணக்காக வயிற்றில் வைத்திருக்கும். பன்றியைக் கடித்திருக்கலாம், மாட்டை, நாயை, மனிதனைக் கடித்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமியை எலியைத் தவிர வேறு எந்தெந்த மிருகம் சுமந்து திரிகிறது என்று தெரியவேண்டுமானால், காட்டில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட வேண்டியதில்லை. அட்டையின் வயிற்றைப் பார்த்தால் போதும். இதுதான் அவள் யோசனை. அவள் அதைச் சொன்னபோது நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "கிருமியோட தடம் அந்தப் பழைய ரத்தத்துல மிஞ்சியிருக்கும்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டேன். "நிச்சயமே இல்லீங்க" என்றாள், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல.

நேர்முகத் தேர்வுக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதலில் நான் போனேன். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் திட்டம் மிகவும் நன்றாக இருக்கிறது. இது நிச்சயமாக வெற்றிபெறும். அதனால்தான் யோசிக்கிறோம். இது தோற்கக்கூடிய ஆராய்ச்சிகளுக்கான காசு" என்றார். பரீட்சையில் நன்றாக எழுதியதற்காகப் பெயிலாக்கப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்து அவள் போனாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "அட்டைன்னதும் சிரிச்சுட்டாங்க" என்றாள். முகம் வாடியிருந்தது. "விடு, அவங்களுக்கு நம்ம மண்ணத் தெரியாது" என்று தேற்றினேன். அவளுக்கு இஞ்சித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தேத்தண்ணியை நான் மிகவும் ருசித்துக் குடித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நிதி அவளுக்குக் கிடைத்தது, நான் சேலை வாங்கினேன்.

பொறாமை எப்படி இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள். காசு என் கண்ணை உறுத்தவில்லை. அதில் ஒரு சதம்கூட வீட்டுக்கு வராது. உறுத்தியது வேறு. அவளுக்கென்று ஒரு புதிய குளிர்சாதனப் பெட்டி ஆய்வுகூடத்துக்கு வந்தது. அதன் கதவைத் திறந்து மூடும்போது அடக்கமாக ஒரு சத்தம் வரும். என் மேசையிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். கேட்கும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடும். வருகிற புதியவர்கள் என்னிடம், "அந்த அட்டை மேடத்தோட கணவர் நீங்கதானா?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். மாணவர்கள் அவளுடைய அறையில் கூடி நின்று பேசுவார்கள்; என் அறைக்குக் கையெழுத்து வாங்க மட்டும் வருவார்கள். கடைசியில் அட்டைகளின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. காலம் முழுக்க உயிரைக் கொடுத்துப் படித்த எனக்கு இல்லாத மரியாதை, எலும்பில்லாமல் காலை நக்கித் திரிகிற ஒரு புழுவுக்கு.

யோசித்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. லயத்திலிருந்து படிக்கப் போகிற பிள்ளை தோற்கக்கூடாது. ஒருதரம் தோற்றால் திரும்பிப் பால் வாளியைத் தூக்கவேண்டியதுதான். அந்தப் பயத்திலேயே வளர்ந்து, முடிவு தெரியாத எதிலும் நான் கைவைத்ததே இல்லை. சரி, அது என் விதி என்று விட்டுவிடலாம். ஆனால் அவளும் அதே மாதிரி லயத்தில் பிறந்தவள்தானே? அதே ஓட்டைத் தகரம், அதே ஒற்றை அறைக் காமிரா. அவளுக்கு மட்டும் தோற்றாலும் பரவாயில்லை என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? இதுதான் என்னை அரித்தது. அவளுடைய ஆராய்ச்சி பின்னால் பாதி ஜெயித்தது, பாதி தோற்றது. அதை அவள் எழுதட்டும். நான் என் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

அட்டை சேர்ப்பதற்கு அவள் தன் சொந்தத் தோட்டத்தையே தேர்ந்தெடுத்தாள். காடு பக்கத்தில், மாணிக்கக் குழிகளும் பக்கத்தில், அட்டைக்கோ பஞ்சமே இல்லை. தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் அனுமதி வாங்கியாயிற்று. சின்னப் போத்தல்களில் ஸ்பிரிட் நிரப்பிக் கொண்டுபோய், மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் கொடுத்து, காலில் ஏறுகிற அட்டையை உயிரோடு அப்படியே அதில் போடச் சொல்வது ஏற்பாடு. அவள் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். அம்மா லயம் லயமாகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னது ஒரே வசனம்:

"எங்க மாப்ள அட்ட கேக்குறாரு."

அது போதுமானதாக இருந்தது. எங்கள் தோட்டங்களில் மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளை இல்லை, அந்த லயத்துக்கே மாப்பிள்ளை. படித்த மாப்பிள்ளை, கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளை கேட்டால் அட்டை என்ன, சிறுத்தையே பிடித்துத் தருவார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்து என்னிடம்தான் பேசுவார். "அரசாங்கம் நம்ம மாப்ளைக்கிப் பெரிய காசு குடுத்திருக்காம்" என்று வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை என் முகத்துக்கு நேரே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "இல்லீங்க, அது..." என்று நான் இழுத்தேன். அவர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இழுத்த இழுப்பை நான் முடிக்கவும் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. கொழும்பில் கிடைக்காதது பெல்மதுளைக்கு மேலே கிடைத்தது.

அவளுக்கு இது தெரியும். "யார் பேருல வந்தா என்னங்க, அட்ட வந்தாச் சரி" என்றாள். அந்தப் பெருந்தன்மையும் எனக்குக் கடுப்பைத்தான் கொடுத்தது. புறப்படும் நாளில் மாமியார் காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போடுவார். "ஊர்க் கண்ணு முழுக்க மாப்ள மேலதான்" என்பார். மிளகாய் வெடிக்கும். அந்த வீட்டில் கண் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாளத்துக்கு நான் நீட்டிய ஐ.சி.யில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஆர்மிக்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். வரிசையாகப் போத்தல்கள்.

"மே மொனவத?" என்றார். இதெல்லாம் என்ன என்று கேட்கிறார்.

"கூடெல்லோ, மஹத்தயா." அட்டைகள் ஐயா.

அவர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "காகெத?" யாருடையது?

"மகே நோனகே" என்றேன். என் மனைவியுடையது. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். மரியாதை வரும்போது என்னுடையது, துப்பாக்கி வரும்போது அவளுடையது. நான் அதை ரசிக்கவில்லை.

முதல் மழைக்காலத்து அட்டைகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒன்றுமே என்றால், கிருமி கிடக்கட்டும், இரத்தமே இல்லை. மாட்டு இரத்தம் இல்லை, மனித இரத்தம் இல்லை. வெறும் தோல். ஸ்பிரிட்டில் கிடந்தால் எல்லா அட்டையும் சுருங்கி வெளுத்துப் போகும் என்பதால் பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தன் செய்முறையைத் திரும்பத் திரும்ப மாற்றினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "முயற்சி பண்ணுனியே, அதுவே பெருசு" என்று சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நிதிக்காலத்தில் இன்னும் ஒரு மழைக்காலம்தான் மீதியிருந்தது. அதிலும் வெறும் தோல் வந்தால் கதை முடிந்தது. அதனால் அந்த முறை அவள் லீவு போட்டுக்கொண்டு பெண்களோடு மலைக்கே போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதல் தேயிலை நிரையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவளுடைய பெரியம்மா, தோட்டத்தில் எல்லோரையும் அதட்டுகிற ஒரு கிழவி, கெண்டைக்காலில் ஏறிய குண்டு அட்டையை இழுத்தெடுத்தார். சுண்ணாம்பு தொட்ட விரலால் அதை ஒரு தடவு தடவினார். வாலிலிருந்து வாய்வரைக்கும் அழுத்தி வழித்தார். கறுப்பு இரத்தம் முழுக்கத் தேயிலைச் செடிக்கடியில் சிந்தியது. பிறகு தண்ணீரில் அலசி, தலைத்துண்டில் துடைத்து, போத்தலுக்குள் பக்குவமாக வைத்தார்.

"என்ன பெரியம்மா செய்யிறீங்க?" என்று என் மனைவி அலறினாள்.

"என்னடி? ஆய்ஞ்சு போடுறேன்."

"எதுக்கு ஆயணும்?"

பெரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "எந்தப் பன்னியக் கடிச்சுச்சோ, எந்த நாயக் கடிச்சுச்சோ. அந்தப் பீத்த ரத்தத்தோடயா மாப்ள கையில குடுக்கிறது? நெத்திலியவே தல கிள்ளாமக் குடுக்க மாட்டோம்."

எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். போன மழைக்காலம் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சிலர் சவுக்காரம் போட்டுக்கூடக் கழுவியிருக்கிறார்கள். எதைத் தேடி அரசாங்கம் காசு கொடுத்ததோ அதை மரியாதைக்காகத் தேயிலைக்கு உரமாக ஊற்றியிருக்கிறார்கள். என் மனைவி நிரைக்கு நடுவில் நின்று விளக்கினாள். எனக்கு இரத்தம்தான் வேண்டும், இது என்னுடைய ஆராய்ச்சி, சும்மா அப்படியே போடுங்கள் என்று கெஞ்சினாள். பெரியம்மா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நம்ம புள்ள நல்ல புள்ள. புருசனுக்குச் செரமம் குடுக்கக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்குது."

அவள் என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். பந்தியில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்காக ஒண்ணும் சுத்தம் பண்ண வேணாங்க. ரத்தத்தோடயே குடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். 'எனக்கு' என்ற சொல்லை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் முகமெல்லாம் மலர்ந்தது. "மாப்ள எவ்வளவு கொணமானவரு பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த நாள் வந்த போத்தல்களை அவள் வெயிலில் தூக்கிப் பார்த்தாள். முன்பைவிடச் சுத்தம்.

அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை இலையின் மேல் கையை மறித்து 'போதும்' என்றால், இன்னும் ஓர் அகப்பை வை என்று அர்த்தம். வேண்டாம் என்பது மாப்பிள்ளையின் பண்பு, விடாமல் வைப்பது வீட்டாரின் பண்பு. மாப்பிள்ளையாக நின்று நான் எத்தனை முறை வேண்டாம் என்றாலும் அத்தனை முறையும் அட்டையை இன்னும் நன்றாக ஆய்வார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கலாநிதிப் பட்டம் தேவைப்படவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து, வெறும் தோல்களை ஒவ்வொன்றாகப் போத்தலிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தேன். அவள் தோற்பதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வருடமாக ஆசைப்பட்டவன் நான். இப்போது அது கண்ணுக்கு முன்னால் நடந்தபோது, அது நன்றாகவே இல்லை. தோற்கிறதென்றால் அவள் தன் யோசனையால் தோற்கட்டும். என் மரியாதையால் தோற்கவேண்டாம்.

மறுநாள் காலை கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். அங்கேதான் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். தோட்டமே வந்து நிற்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, முதுகில் கூடையோடு நின்றார்கள். ஆண்கள் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திகளோடு ஒரு பக்கம். என் மனைவி போத்தல் பெட்டியோடு ஓரத்தில் நின்றாள். மண்டபம் நிறைந்த மாணவர்களுக்கு முன்னால் நாக்குப் பிசகாமல் பேசுகிறவன் நான். அங்கே என் செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன்.

"இந்த அட்ட வேல என்னோடது இல்லீங்க" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை மறுபடியும் அடக்கம் காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவர், "சும்மா சொல்லாதீங்க மாப்ள" என்றார். இனி ஒரே வழிதான் இருந்தது.

"அரசாங்கம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காசு குடுக்கும். நானும் கேட்டேன், இவளும் கேட்டா. எனக்குக் குடுக்கல. நீ லாயக்கில்லன்னுட்டாங்க. இவளுக்குத்தான் குடுத்தாங்க. இது இவ யோசன, இவ வேல. நான் பை தூக்கத்தான் கூட வந்தேன்."

எனக்குக் குடுக்கல என்ற அந்தச் சொல்லை அதுவரை நான் என் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. முதலில் அசைந்தவர் பெரியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அடுத்த வருசம் திருப்பி எழுதுங்க மாப்ள. எங்க வீட்டுப் பொடியனும் ஓ.எல். பரீட்ச மூணாந்தரந்தான் பாஸ் பண்ணுனான்."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அத்தோடு என் கதை முடிந்தது. பெரியம்மா என்னை விட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"அடி கழுத! ஒன் வேலையாடி இது? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"அன்னைக்கே சொன்னேனே பெரியம்மா."

"நீ சொன்னா? புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப நீ சொன்னா எவ நம்புவா? ஒரு வருசத்த வீணாக்கிட்டியேடி!"

திட்டிக்கொண்டே குனிந்தார். கால்விரல் இடுக்கிலிருந்து ஒரு அட்டையை இழுத்தார். குடித்துக் கொழுத்து நெளிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புப் பக்கமே கை போகவில்லை. அதை உயிரோடு அப்படியே என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"இந்தா, புடி. என் ரத்தந்தான். கீழ போட்ராத."

அதற்குப் பிறகு களத்தில் ஒழுங்கு இருக்கவில்லை. பெண்கள் எல்லோரும் படங்கைத் தூக்கிக் காலைப் பார்த்தார்கள். இந்தாடி, இதையும் புடி, இது எருமக் கொட்டடிப் பக்கம் ஏறுனது, மாட்டு ரத்தமா இருக்கும் பாரு என்று ஆளுக்கொன்றாக அவள் கையில் திணித்தார்கள். ஒருத்தி அவள் காதைத் திருகினாள். இன்னொருத்தி அவள் அட்டையைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்து, படிச்சுப் படிச்சுக் கையும் மறந்துபோச்சா என்று கேலி பேசினாள். அவள் சிரித்தாள், மழையில் நனைந்துகொண்டே, கை முழுக்க இரத்தத்தோடு, வாய்விட்டுச் சிரித்தாள். கணக்கப்பிள்ளை நேரமாச்சு நேரமாச்சு என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அரசாங்கக் காசின் மேல் எனக்கு இருந்த பொறாமை ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் நான் சார். இங்கே மாப்பிள்ளை. என் சொந்தத் தோட்டத்துக்குப் போனாலும், என்னோடு கோலி விளையாடியவன் இன்றைக்கு என்னைக் கண்டால் எழுந்து நின்று கதிரை போடுகிறான். அவளும் நான் படித்ததைத்தான் படித்தாள், நான் பார்க்கும் உத்தியோகத்தைத்தான் பார்க்கிறாள். ஆனால் அவள் காதை இவர்கள் இன்னும் திருகுகிறார்கள்.

"மாப்ள" என்று பெரியம்மா கூப்பிட்டார். ஆவலோடு நிமிர்ந்தேன். "இந்தப் போத்தல் மூடியக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. கை அழுக்காகாமப் பாத்துக்குங்க."

மூடிகளை வாங்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். என்னை யாரும் கழுதை என்று சொல்லவில்லை.